நாற்காலி போடும் உத்தியோகம்

தூதர் வேலை என்றால் நாட்டுக்காகப் பேசுவது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்; உள்ளபடி சொன்னால் அது பாதி நேரம் நாற்காலி போடும் வேலை. எந்த மந்திரி எந்த மந்திரிக்கு வலப்பக்கம், யாருடைய மனைவி யாருக்கு எதிரே, காரின் பின்சீட்டில் யாருக்கு எந்த ஓரம் என்று பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. இதற்குப் புரோட்டோகால் என்று பெயர். வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தியின் மச்சானை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்களே, நீங்களெல்லாம் என் சக ஊழியர்கள்தான். உங்களுக்குப் பென்ஷன் கிடையாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வாத்தியாரின் சந்தேகம்

கிருஷ்ணகிரிக்கும் நாகரசம்பட்டிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் ஏதோ ஒழுங்கு என்று நினைத்துக்கொள்வார்கள். ஊரைச் சுற்றி இருக்கிற மாந்தோப்பெல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். தோப்புக்காரர் வீடு என்போம். என் அப்பாவும் அம்மாவும் அந்தத் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். தோப்புக்காரர் கட்டிலில் உட்கார்ந்தால் அப்பா எவ்வளவு தூரத்தில் நிற்பார், வேறு சாதிக் கூலிக்காரர் எங்கே குத்துக்காலிடுவார், மாங்காய் வியாபாரிக்கு எந்த இடம் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரியும்.

பரீட்சை எழுதி, வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகி, டெல்லியில் பயிற்சிக்குப் போனேன். ஒரு நாள் பெரிய சாப்பாட்டு மேஜையின் படத்தைக் கொடுத்து, விருந்தாளிகளின் பதவிகளைச் சொல்லி, யாரை எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கேட்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள். எங்கே உட்கார்ந்தாலும் யாரும் அவர்களை ஏன் என்று கேட்டதில்லை, அதனால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் ஆளாக முடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லை. வகுப்பு எடுத்த மூத்த அதிகாரி என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே யாராவது இந்தப் பணியில் இருந்திருக்கிறார்களா?"

தொழில் ரகசியம்

முதல் வேலை ஒரு குளிர் நாட்டில். குடியரசு தின விருந்துக்கு இரண்டு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே கட்சி, இப்போது வேறு வேறு. இவருக்குக் கீழே அவர் உட்கார மாட்டார், அவருக்குக் கீழே இவர் உட்கார மாட்டார். நான் பெயர் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வட்ட மேஜை போட்டேன். வட்ட மேஜையிலும் கதவுக்கு எதிர்ப்பக்கம்தான் உசத்தி என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் தூதர் ஓய்வு பெறப் போகிறவர். வந்து பார்த்தார். ஆட்களைக் கூப்பிட்டு மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் நின்றுகொண்டே குடித்தார்கள், நின்றுகொண்டே கொறித்தார்கள், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கடைசிக் கார் போன பிறகு அவர் என் தோளில் தட்டினார். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் நான் மேலே மேலே போனேன், அதனால் அப்படியே தருகிறேன்:

"நாற்காலிக்குச் சண்டை வந்தால் நாற்காலியை எடுத்துவிடு. நிற்கிறவர்களில் யாரும் தோற்றவர் இல்லை."

டீயைக் கீழே வைத்தவர்

வளைகுடா நாடு ஒன்றில் இருந்தபோது தூதரக வாசலில் தினமும் நம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஏஜெண்ட் ஏமாற்றினவர்கள், முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டவர்கள். அதில் ஒருவர் பேச்சில் எங்கள் ஊர்ப்பக்க வாடை அடித்தது. விசாரித்தால், எங்களுக்கு நாலு ஊர் தள்ளி, நிலம் வைத்திருந்த குடும்பம். ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்து, அங்கே நிறுத்திவிட்டதால் கடல் தாண்டி வந்தவர். உள்ளே அழைத்து நாற்காலி போட்டு டீ வரவழைத்தேன். கண்ணில் தண்ணீர் விட்டார். நீங்க தெய்வம் மாதிரிங்க என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

பாதி குடித்திருந்த டீயை மெதுவாக மேஜையில் வைத்தார். நான் அவருக்குத் தற்காலிகப் பயணச் சான்று போட்டு, டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்து, அந்த வாரமே ஊருக்கு அனுப்பினேன். அது என் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் அன்றைக்கு அவர் அந்த நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துகொண்டு கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது:

"அப்ப, இங்க வேற ஆபீசர் யாரும் இல்லீங்களா?"

ராஜாவும் டீக்கடையும்

கடைசியில் நானே தூதர் ஆனேன். இன்னமும் ராஜா இருக்கிற நாடு. முதல் நாள் நான்கு குதிரை பூட்டிய சாரட்டில் அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள். ராஜாவிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுத்தேன். அவர் கை குலுக்கி, தன் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் போட்டோவை என் தங்கை மாதம்மா பெரிதாக்கி, கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினாள். ஊர் டீக்கடையில் அது செல்போனில் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. தோப்புக்காரர் வீட்டுப் பெரியவர் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னாராம்:

"பாவம், அந்த ராஜாவுக்கு யாரு எடுத்துச் சொல்லப்போறா."

டெல்லி லிஃப்ட்

டெல்லிக்குத் திரும்பி, செயலாளர் அந்தஸ்தில் ஒரு பதவியில் உட்கார்ந்தேன். என்னோடு பணியில் சேர்ந்த தமிழ் நண்பர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. நல்லவர்தான். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், என் பிள்ளைகளுக்கு அவர் மாமா. லிஃப்டில் பூச்செண்டோடு பார்த்தார், கட்டிப்பிடித்து வாழ்த்தினார், தன் மாடி வந்ததும் இறங்கிக்கொண்டே சொன்னார்:

"உனக்கென்னப்பா, உன் நாற்காலியை நாங்க ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கோம்."

மூன்று மொழியில் ஒரு கேள்வி

ஓய்வு பெற்றதும் ஓசூர்ப் பக்கம் வீடு பார்த்தேன். ஊருக்குப் போகப் பஸ் வசதி, மகள் பெங்களூரில். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் காற்று நன்றாக இருக்கும் என்றார்கள். ஆற்றில் நுரை மிதக்கிற நாளாகப் பார்த்துப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கடைசியில் மத்திகிரி என்று முடிவானது.

மத்திகிரியில் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர்கள் கன்னடத்தில் "யாவ ஊரு" என்கிறார்கள், தெலுங்கில் "ஏ ஊரு" என்கிறார்கள், தமிழில் "சொந்த ஊரு எதுங்க" என்கிறார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்கிறார்கள். தெருவைச் சொன்னால் போன வாரமே யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக ஞாபகம் வருகிறது. இத்தனை மொழி பேசுகிற இடத்தில் ஒருவருக்கு ஒருவர் புரியாமல் போவதே இல்லை. ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பிச் சமாதானம் சொன்னார். நீங்களும் இதை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார், எங்களுக்கு ஒண்ணும் இல்ல, கீழ் வீட்டுக்காரங்கதான் கேப்பாங்க."

தங்கையின் மனு

ஒருவழியாக வீடு கிடைத்துக் குடியேறின பிறகு மாதம்மா வந்தாள். அவள் இப்போது எங்கள் ஊராட்சித் தலைவர். தலைவர் பதவி இந்த முறை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது, அவள் நின்று ஜெயித்தாள். அதற்கு முன்னால் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். விடியற்காலை கம்பெனி பஸ், ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு வேலை, கால் வீங்கி வீட்டுக்கு வருவாள். தலைவர் ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று கேலியாகச் சொல்லிக்கொண்டு ஓட்டுக் கேட்டவள்.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவருக்கு ஒரு மர நாற்காலி இருக்கிறது. அதில் துணைத் தலைவர் உட்காருகிறார். அவர் தோப்புக்காரர் வீட்டுப் பெரியவரின் மகன். மாதம்மா வாசல் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். சுதந்திர தினத்தன்று கிராமசபை வருகிறது, அத்தனை ஜனத்துக்கும் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அதிகாரிகளிடம் பேசட்டுமா என்றேன். "பேசினா வருவாங்க. போலீசோட வந்து, உக்கார வெச்சு, போட்டோ எடுப்பாங்க. அவங்க ஜீப்பு ரோடு ஏறினதும் நான் ஏந்திரிக்கணும். ஊரே பாத்துச் சரின்னு இருக்கிற மாதிரி உக்காரணும்ணா" என்றாள். காபியைக் குடித்துவிட்டு, சுவரில் இருந்த ராஜா போட்டோவைக் காட்டினாள்:

"நீ நாடு நாடாப் போயி பேசி முடிச்ச ஆளு. எனக்கு ஒரே ஒரு நாற்காலி பேசி முடிச்சுக் குடுண்ணா."

பேச்சுவார்த்தை

துணைத் தலைவர் வீட்டுக்குப் போனேன். எஞ்சினியரிங் படித்தவர், ஓசூர்க் கம்பெனிகளுக்கு லாரி விடுகிறார், மாங்கூழ் ஆலைக்கு மாங்காய் அனுப்புகிறார். என்னை வாய்க்கு வாய் சார் என்றார். எனக்குக் காபி பேப்பர் கப்பில் வந்தது. தனக்கு வந்த சில்வர் டம்ளரை அவர் கொஞ்சம் மறைவாக வைத்துக்கொண்டார்; அந்த நாசூக்கைப் பாராட்டத்தான் வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க சார். எங்க அப்பா மாதிரி வயசானவங்க கீழ இருக்கிறப்ப உங்க தங்கச்சி மேல உக்காந்தா, ஜனம் ஏந்திரிச்சுப் போயிரும். கூட்டம் கலைஞ்சா ஊருக்குத்தான அசிங்கம்?" என்றார்.

நான் அந்தத் தெருவுக்கும் எங்கள் தெருவுக்குமாக நடந்தேன். அவள் நாற்காலியை விட மாட்டாள், இவர்கள் உட்கார விட மாட்டார்கள். பழைய தூதர் ஞாபகத்துக்கு வந்தார். கிராமசபை அன்றைக்கு யாருக்குமே நாற்காலி வேண்டாம், கொடியேற்றி, தீர்மானம் படித்து, எல்லோரும் நின்றபடியே முடித்துக்கொள்ளலாம், யாரும் யாருக்கும் மேலே இல்லை, கீழே இல்லை என்றேன். துணைத் தலைவர் யோசிக்கக்கூட இல்லை, உடனே ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு உடனே ஒப்புக்கொண்டால் எங்கேயோ இடிக்கிறது என்று இளம் அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். மாதம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நீ சொன்னாச் சரி என்று மட்டும் சொன்னாள். துணைத் தலைவர் என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்:

"படிச்சவங்க நடுவுல வந்தா எவ்வளவு சுலபமா முடியுது பாருங்க சார்."

சுதந்திர தினம்

மாதம்மா கொடியேற்றினாள். பந்தலில் ஒரு நாற்காலிகூட இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. தீர்மானம் படிக்க ஆரம்பித்ததும், தோப்புக்காரர் வீட்டுப் பெரியவருக்கு முட்டி வலி என்று யாரோ ரேஷன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வயசானவர், யார் என்ன சொல்ல முடியும்? அடுத்து ஊராட்சிச் செயலருக்கு. நின்றுகொண்டு எப்படி எழுதுவது? அடுத்து பிரஷர் இருக்கிற ஒருவருக்கு. அவர் பக்கத்தில் துணை இருக்க இன்னொருவருக்கு. துணைத் தலைவருக்கு யார் கொண்டுவந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். கடைசித் தீர்மானம் வந்தபோது அந்தத் தெருவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் தெருவில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

அப்புறம் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. "சார் விருந்தாளி, சார் உக்காருங்க" என்று துணைத் தலைவரே எழுந்து வந்து சொன்னார். ஜனம் திரும்பிப் பார்த்தது. தலைவர் நிற்கும்போது விருந்தாளி உட்காருவது முறையில்லை என்று சொல்லி நான் மறுத்தேன். உலகம் பூராவும் செல்லுபடியாகிற விதி அது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த நாற்காலியைத் தூக்கி மாதம்மா பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, தீர்மானத்தைப் படித்து முடித்தாள். கூட்டம் கலைந்த பிறகு ஊராட்சி அலுவலகத்துப் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், அமைதியாக முடிந்ததே என்றேன். எனக்கு நெஞ்சு எரிந்தது, ஆனாலும் வாய் பழக்கத்தில் அதைத்தான் சொன்னது. அவள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்:

"கம்பெனியில நின்னதுக்குச் சம்பளமாவது குடுத்தாங்கண்ணா."

கூப்பிடாத கூட்டம்

காந்தி ஜெயந்திக்கும் கிராமசபை உண்டு. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் நானே மாதம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே பெண்கள் சத்தம். என்ன ஆச்சு என்றேன்.

அந்தத் தெருக்காரர்கள் இந்த முறை முதலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அலுவலகத்துக்கு உள்ளே போய் மர நாற்காலியை அவளே தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் போட்டாளாம். உட்கார்ந்தாளாம். அப்புறம் தோப்புக்காரர் வீட்டுப் பெரியவர் எழுந்தார், பின்னாலேயே அந்தத் தெருவே எழுந்து போய்விட்டது. அவள் தீர்மானத் தாளை மடியில் வைத்துக்கொண்டு படித்தாளாம். இனிமேல் தண்ணீர்த் தொட்டி மோட்டார் போட அந்தத் தெரு ஆள் வருவானா, எங்கள் ஆட்களுக்குத் தோப்பில் வேலை உண்டா என்பது தெரியவில்லை, அந்தப் பயம் குரலில் இருந்தது. ஆனால் போனவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பந்தல் நிறையக் காலி நாற்காலி. எங்கள் தெருப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்து உட்கார்ந்தார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வந்திருப்பேனே என்றேன். மாதம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது:

"நல்லவேளை கூப்பிடலண்ணா. வந்திருந்தா அவங்களப் போகவிடாம நீ பேசியே உக்கார வெச்சிருப்ப."

பணிக்காலம் முழுக்க யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் அரசாங்கம் எனக்கு மாதாமாதம் பென்ஷன் தருகிறது. சிலர் எழுந்து போனால்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நாற்காலி காலியாகும் என்பதை அந்த உத்தியோகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.